விரல் எப்படித் தளர்கிறது?

ஆள்காட்டி விரலால் மேசையை எவ்வளவு வேகமாகத் தட்ட முடிகிறது என்று பாருங்கள். விநாடிக்கு ஐந்தாறு தட்டு பெரும்பாலோருக்கு வரும். மிருதங்கம் பழகியவர்கள் உங்களை எளிதாக முந்திவிடுவார்கள்.

ஒவ்வொரு தட்டிலும் தசை ஒருமுறை சுருங்கி, உடனே தளர்கிறது. சுருங்கச் சொல்லும் கட்டளை மூளையில் கிளம்பி, தண்டுவடம் வழியாக இறங்கி, கைக்கு வரும் நரம்பில் ஓடி வருகிறது. இதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சரி, தளரச் சொல்லும் கட்டளை எந்த நரம்பில் வருகிறது?

எந்த நரம்பிலும் வருவதில்லை. நாம் நினைத்தபடி அசைக்கிற கை, கால், முகத் தசைகளுக்கு வரும் நரம்புகளால் ‘சுருங்கு’ என்று மட்டும்தான் சொல்ல முடியும். ‘தளர்’ என்று சொல்ல அவற்றுக்கு வழி கிடையாது. நரம்பு பேச்சை நிறுத்த வேண்டும்; அது கடைசியாகச் சொன்ன ‘சுருங்கு’ அழிந்துபோக வேண்டும். அப்போதுதான் தசை தளரும். அப்படி அழிக்கும் வேலையைச் செய்வது ஒரு நொதி. அதன் பெயர் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ். பெயர் நீளமாக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். இந்தக் கட்டுரை முழுக்க அதை ‘நொதி’ என்றே சொல்லப்போகிறேன்.

அது எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். நரம்பின் முனை தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி உண்டு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். இவ்வளவு குறுகிய இடைவெளியைக் கூட நரம்பில் வந்த மின்துடிப்பால் தாண்ட முடியாது. அதனால் நரம்பு முனை அங்கே ஒரு வேதிப்பொருளை வெளியே விடுகிறது. அதுதான் அசிட்டைல்கோலின். நரம்பு முனைக்குள் நுண்ணிய பைகளில் அது தயாராக இருக்கும். ஒரு பைக்குள் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள். துடிப்பு வந்து சேர்ந்ததும் பல பைகள் ஒரே நேரத்தில் திறந்துகொள்கின்றன. மூலக்கூறுகள் இடைவெளியைக் கடந்து, தசையின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளில் போய் ஒட்டுகின்றன. ஏற்பி திறக்கிறது, சோடியம் அயனிகள் தசைக்குள் பாய்கின்றன, தசை சுருங்குகிறது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். வேலை முடிந்த அசிட்டைல்கோலின் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? ஓர் ஏற்பியை விட்டு விலகியது அடுத்த ஏற்பியைத் திறக்கும். தசை மறுபடி மறுபடி சுருங்கும், துடிக்கும். பிறகு ஏற்பிகள் மரத்துப்போய், எந்தக் கட்டளைக்கும் அசையாமல் நின்றுவிடும். விரலுக்கு இப்படி ஆனால் எழுத முடியாது, அவ்வளவுதான். மூச்சு விடுவதற்கு உதவும் உதரவிதானமும் இதே வகைத் தசைதான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அது சுருங்கியாக வேண்டும், தளர்ந்தும் ஆக வேண்டும். இரவில் நாம் தூங்கும்போதும் இந்த நொதிக்கு ஓய்வு இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அந்த 50 நானோமீட்டர் இடைவெளியில் ஒரு மெல்லிய வலைப் படலம் இருக்கிறது. நொதியின் 12 அலகுகள் ஒரு கொலாஜன் வாலில் சேர்ந்து, அந்த வாலால் படலத்தில் பதிந்து நிற்கின்றன. அருகில் வரும் அசிட்டைல்கோலினை நொதி இரண்டாக உடைக்கிறது. ஒரு துண்டு அசிட்டிக் அமிலம். சமையலறை வினிகரில் புளிப்பது அதுதான். இன்னொரு துண்டு கோலின். முட்டையின் மஞ்சள் கருவைச் சாப்பிடும்போது உங்களுக்குக் கிடைக்கிறதே, அதே கோலின். உடைந்த கோலினை நரம்பு முனை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடியும் அசிட்டைல்கோலின் செய்துகொள்கிறது.

எவ்வளவு வேகம்? நொதியின் ஓர் அலகு ஒரு விநாடியில் சுமார் 25,000 அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை உடைக்கிறது. கண் ஒருமுறை இமைத்து முடிய விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் ஐயாயிரம் மூலக்கூறுகள். நம் உடலில் உள்ள மிக வேகமான நொதிகளில் இதுவும் ஒன்று. நரம்பு ஒரே விநாடியில் பலமுறை ‘சுருங்கு’ என்று சொன்னாலும், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தசைக்குக் கேட்பதற்கு இந்த வேகம்தான் காரணம். முந்தையது அழிந்தால்தானே அடுத்தது தெளிவாகக் கேட்கும்!

இப்படி ஒரு நொதி இருக்கும் என்று முதலில் ஊகித்தவர் இங்கிலாந்தின் ஹென்றி டேல். விலங்குகளின் உடலில் அசிட்டைல்கோலினைச் செலுத்தினால் அதன் விளைவு சட்டென்று தோன்றி, வந்த வேகத்திலேயே மறைந்துவிடுவதை அவர் பார்த்தார். உடலில் ஏதோ ஒன்று அதை உடைக்கிறது என்று 1914-இல் எழுதினார். நரம்பு முனைகள் தாமாகவே வேதிப்பொருளை வெளியிடுகின்றன என்பது அப்போது நிரூபிக்கப்பட்டிருக்கவில்லை. அதை 1921-இல் காட்டியவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் இருந்த ஓட்டோ லோவி. இரண்டு தவளைகளின் இதயங்களை உப்புக் கரைசலில் துடிக்க வைத்தார். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் அதன் துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தில் இருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்துக்கு மாற்றினார். அதன் நரம்பை யாரும் தொடவில்லை. ஆனாலும் அதுவும் மெதுவாகத் துடித்தது! கரைசலில் ஏதோ ஒன்று கலந்திருக்க வேண்டும். அது அசிட்டைல்கோலின் என்று பிறகு தெரிந்தது. 1926-இல் லோவியும் அவருடன் ஆய்வு செய்த நவ்ராட்டிலும் இதயத் திசுவே அந்தப் பொருளை அழிப்பதையும், எசெரின் என்ற மருந்தைச் சேர்த்தால் அது அழியாமல் தங்குவதையும் கண்டார்கள். டேலும் லோவியும் 1936-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் அட்டை. ஆமாம், மழைக்காலத்தில் காலில் ஏறி ரத்தம் குடிக்கும் அட்டையின் இனம்தான். அட்டையின் முதுகுத் தசையை ஒரு கீற்றாக வெட்டி எசெரின் கலந்த நீரில் தொங்கவிட்டால், மிக மிகக் குறைந்த அளவு அசிட்டைல்கோலின் பட்டால்கூட அது சுருங்கும். தசையோடு இணைத்த நெம்புகோல், சுழலும் உருளையில் கரி படிந்த தாளில் கோடு கிழிக்கும். கோட்டின் உயரத்தை வைத்து எவ்வளவு அசிட்டைல்கோலின் இருந்தது என்று கணக்கிடலாம். யூதர் என்பதற்காக 1933-இல் ஜெர்மனியில் வேலையை இழந்து லண்டனுக்கு வந்த வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க் இந்த முறையை டேலின் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார். டேல், ஃபெல்ட்பெர்க், மார்த்தே ஃபோக்ட் மூவரும் 1936-இல், தசைக்குப் போகும் நரம்பின் முனையிலும் வெளியாவது அசிட்டைல்கோலின்தான் என்று காட்டினார்கள். எசெரின் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. நொதி அவ்வளவு வேகமாக வேலை செய்வதால், அளந்து பார்க்கும் முன்பே பொருள் காணாமல் போயிருக்கும்.

நொதி இருப்பது தெரிந்துவிட்டது. அதன் உருவம் என்ன? அதற்கு மனிதத் தசையை விட்டுக் கடலுக்குப் போக வேண்டும். மின்திருக்கை என்ற மீன் தன் உடலில் மின்சாரம் உண்டாக்கி இரையை மரத்துப்போகச் செய்யும். அந்த மின்னுறுப்பு தசையிலிருந்து உருவானது. சுருங்கும் வேலையை விட்டுவிட்டு நரம்பு முனைகளால் நிறைந்த உறுப்பு அது. ஆகவே நொதியும் அதில் கொட்டிக்கிடக்கிறது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஜோயல் சஸ்மன், இஸ்ரேல் சில்மன் இருவரும் அவர்களுடைய குழுவினரும் பசிபிக் கடல் மின்திருக்கையிலிருந்து இந்த நொதியைப் பிரித்து, படிகமாக வளர்த்து, அதில் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினார்கள். கதிர்கள் சிதறிய விதத்திலிருந்து ஒவ்வோர் அணுவும் எங்கே இருக்கிறது என்று கணக்கிட்டு 1991-இல் வெளியிட்டார்கள். மனித நொதியின் உருவம் பின்னர் தெரிந்தபோது, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. திருக்கைக்கும் நமக்கும் பொதுவான மூதாதை பல கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதற்குப் பிறகும் இந்த நொதி பெரிதாக மாறவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

மனித நொதியின் ஓர் அலகு ஏறத்தாழ 580 அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்து, மடிந்து உருண்ட புரதம். அதன் ஒரு பக்கத்தில் ஆழமான, குறுகலான கிணறு ஒன்று இறங்குகிறது. அதன் ஆழம் 2 நானோமீட்டர். புரதத்தின் பாதி வரை போகிறது. உடைக்கும் வேலை நடப்பது கிணற்றின் அடியில். வேகமான நொதிக்கு வேலையிடம் மேற்பரப்பில் திறந்து கிடக்கும் என்றுதானே எவரும் நினைப்பார்கள்? இங்கே ஒவ்வொரு மூலக்கூறும் வாய் வழியாக இறங்கி அடிக்குப் போய்ச் சேர வேண்டும். இப்படி இருந்தும் விநாடிக்கு 25,000 எப்படி?

இதற்கு விடை கிணற்றின் சுவரில் இருக்கிறது. அசிட்டைல்கோலினின் ஒரு முனையில் நேர் மின்னூட்டம் உண்டு. நேர் மின்னூட்டத்தை இழுக்க எதிர் மின்னூட்டம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் கிணற்றின் அடியில் எதிர் மின்னூட்டம் கொண்ட அமினோ அமிலங்கள் கூட்டமாக இருக்கும் என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நம்பியிருந்தார்கள். படிகத்தைப் பார்த்தபோது அங்கே இருந்தது வேறு. சுவரில், வளைய வடிவம் கொண்ட 14 அமினோ அமிலங்கள் வரிசையாக இருந்தன: டிரிப்டோஃபேன், டைரோசின், ஃபினைல்அலனின். இந்த வளையங்களுக்கு மொத்தத்தில் எதிர் மின்னூட்டம் இல்லை. ஆனால் வளையத்தின் மேலும் கீழும் எலக்ட்ரான் மேகம் பரவியிருக்கிறது. நேர் மின்னூட்டத்தை அது மென்மையாக இழுத்துப் பிடிக்கும், இறுகப் பற்றிக்கொள்ளாது. கிணற்றின் வாயருகே இருக்கும் 286-ஆம் டிரிப்டோஃபேன் மூலக்கூறை முதலில் வரவேற்கிறது. அடியில் 86-ஆம் டிரிப்டோஃபேன் அதைச் சரியான நிலையில் நிறுத்துகிறது. இதோடு, நொதியின் மின்னூட்டங்கள் பரவியிருக்கும் விதமே வெளியே உள்ள அசிட்டைல்கோலினைக் கிணற்று வாய் நோக்கி இழுக்கிறது. தற்செயலாக வந்து மோதுவதற்காக நொதி காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு புதிரும் உண்டு. படிகத்தில் தெரிந்த உருவத்தில் கிணற்றின் கழுத்து, அசிட்டைல்கோலினின் தலையைவிடக் குறுகலாக இருந்தது. அப்படியானால் அது உள்ளேயே போக முடியாதே! படிகம் காட்டுவது ஒரு நிலையை மட்டும்தான். உண்மையில் புரதத்தின் அணுக்கள் ஓயாமல் அதிர்கின்றன. அமெரிக்காவில் ஆண்ட்ரூ மெக்கேமன் குழுவினர் இந்த அதிர்வைக் கணினியில் நடத்திப் பார்த்தபோது, கழுத்து நொடிக்கு எண்ணற்ற முறை விரிவதும் சுருங்குவதும் தெரிந்தது. விரியும் கணத்தில் அசிட்டைல்கோலின் நுழைந்துவிடுகிறது. அதைவிடப் பெரிய மூலக்கூறுகளுக்கு அந்த வாய்ப்பு அரிது.

இனி அடியில் நடப்பது. அங்கே மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன: 203-ஆம் இடத்தில் உள்ள செரின், 447-ஆம் ஹிஸ்டிடின், 334-ஆம் குளுட்டமேட். எண்களைப் பாருங்கள், சங்கிலியில் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன! சங்கிலி மடிந்ததும் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகின்றன. செரினின் ஹைட்ரஜனை ஹிஸ்டிடின் இழுத்துக்கொள்கிறது. ஹிஸ்டிடினை நிலையாக நிறுத்துவது குளுட்டமேட். ஹைட்ரஜனை இழந்த செரினின் ஆக்சிஜன் அசிட்டைல்கோலினைத் தாக்குகிறது. கோலின் பிரிந்து வெளியே போகிறது, அசிட்டைல் பகுதி செரினோடு ஒட்டிக்கொள்கிறது. அடுத்து ஒரு நீர் மூலக்கூறு வந்து அதையும் விடுவிக்கிறது. அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது, செரின் பழையபடி ஆகிறது. இவ்வளவும் நடந்து முடிய விநாடியில் 25,000-இல் ஒரு பங்குதான்.

அந்த ஒரு செரினைத் தடுத்துவிட்டால் நொதி நின்றுவிடும். மேலே சொன்ன எசெரின் செய்வது அதைத்தான். எசெரினுக்கு ஃபைசோஸ்டிக்மின் என்றும் பெயர். இன்றைய நைஜீரியாவின் கலபார் பகுதியில் வளரும் ஒரு கொடியின் விதையில் அது இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்த விதையைத் தின்னச் செய்து, பிழைத்தால் நிரபராதி என்று தீர்ப்புச் சொல்லும் கொடிய வழக்கம் முன்பு அங்கே இருந்தது. விதையின் நஞ்சு நொதியை முடக்கும், மூச்சுத் தசை நிற்கும்.

அதே நஞ்சை ஒரு தசை நோய்க்கு மருந்தாக்கியவர் மேரி வாக்கர். லண்டன் கிரீனிச்சில் ஒரு மருத்துவமனையில் மருத்துவராக இருந்தவர். மையஸ்தீனியா என்ற நோயில் கண்ணிமை தொங்கும், மெல்லவும் விழுங்கவும் முடியாது, கை தூக்கக் களைப்பாக இருக்கும். 1934-இல் அவர் ஒரு நோயாளிக்கு அளவோடு ஃபைசோஸ்டிக்மின் ஊசி போட்டார். தொங்கிய இமை உயர்ந்தது, விழுங்குவதும் எளிதானது. மருந்தின் வேகம் குறைந்ததும் பழைய நிலை திரும்பியது. ஏன் அப்படி நடந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு தெளிவானது. அந்த நோயில் உடலின் எதிர்ப்பொருள்கள் தசையின் ஏற்பிகளையே தாக்குகின்றன. மிச்சம் இருக்கும் ஏற்பிகளுக்கு அசிட்டைல்கோலின் கொஞ்சம் அதிக நேரம் கிடைத்தால் தசை வேலை செய்துவிடும். நொதியைச் சற்று மெதுவாக்கினால் அந்த நேரம் கிடைக்கிறது.

நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் இதே உத்தி பயன்படுகிறது. நல்ல பாம்பின் நஞ்சில் உள்ள ஒரு சிறு புரதம் ஏற்பிகளில் போய் உட்கார்ந்து, அசிட்டைல்கோலினை ஒட்டவிடாமல் தடுக்கும். கண்ணிமை தொங்குவது அதன் முதல் அடையாளங்களில் ஒன்று. மருத்துவர்கள் நஞ்சுமுறி மருந்தோடு நியோஸ்டிக்மினும் அட்ரோபினும் கொடுப்பார்கள். நியோஸ்டிக்மின் நொதியை மெதுவாக்கும். அசிட்டைல்கோலின் பெருகி நஞ்சோடு போட்டியிடும். இமை மெல்ல உயர்ந்தால் மருந்து பலிக்கிறது என்று பொருள். கட்டுவிரியன் கடித்தால் இது அவ்வளவாக உதவாது. அதன் நஞ்சு நரம்பு முனையையே கெடுத்துவிடுவதால் அசிட்டைல்கோலின் வெளியே வருவதே குறைந்துபோகும். பாம்பு எதுவாக இருந்தாலும் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குப் போவதுதான் முதல் வேலை.

பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்துகளில் ஆர்கனோபாஸ்பேட் என்ற வகை உண்டு. பூச்சிகளின் நரம்பு மண்டலத்திலும் இதே நொதி இருப்பதால்தான் அவை சாகின்றன. நம்மிடமும் அது இருப்பதால் அதே மருந்து நமக்கும் நஞ்சு. ஆர்கனோபாஸ்பேட்டின் பாஸ்பரஸ் பகுதி கிணற்றின் அடியில் உள்ள செரினோடு ஒட்டிக்கொள்ளும். நீரால் அதை எளிதில் விடுவிக்க முடியாது. வாயில் எச்சில் பெருகும், கண்ணில் நீர் வழியும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசைகள் துடிக்கும், மூச்சுத் திணறும். பிராலிடாக்சிம் என்ற மருந்து செரினிலிருந்து பாஸ்பரஸ் பகுதியைப் பிடுங்கி எடுக்கும். ஆனால் நேரமானால் அந்தப் பிணைப்பு இறுகிப்போய், மருந்தாலும் பிரிக்க முடியாததாகிவிடும். அதற்கு மேல் உடல் புது நொதியைச் செய்துகொள்ளத்தான் வேண்டும். 1936-இல் ஜெர்மனியில் பூச்சிமருந்து தேடிய கெர்ஹார்ட் ஷ்ரேடர் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பொருள் ஒன்று, டாபுன் என்ற போர் நஞ்சாக மாறியது. அறிவியல் வரலாற்றின் மிக வருத்தமான பக்கங்களில் அது ஒன்று. வயலில் மருந்து அடிக்கும் அப்பாவோ மாமாவோ முகத்தையும் கையையும் மூடிக்கொள்ளவில்லை என்றால், இந்தச் செரினைப் பற்றி அவர்களிடம் சொல்லுங்கள். மருந்து அடித்த வயலுக்குள் விளையாடப் போகாதீர்கள்.

கடைசியாக, தாத்தா பாட்டிகளோடு சேர்ந்த ஒரு செய்தி. அல்சைமர் என்ற மறதி நோயில், மூளையில் அசிட்டைல்கோலினைப் பயன்படுத்தும் நரம்பு செல்கள் அழிந்துபோகின்றன. மிச்சம் இருக்கும் அசிட்டைல்கோலின் கொஞ்சம் அதிக நேரம் தங்கினால் நினைவுக்கு ஓரளவு உதவியாக இருக்கும். அதற்காக ஜப்பானில் ஹச்சிரோ சுகிமோட்டோவின் குழு 1980-களில் டொனெபெசில் என்ற மருந்தை உருவாக்கியது. நோயை அது குணப்படுத்தாது. சிலருக்குச் சில காலம் நிலைமையைத் தாங்கிப் பிடிக்கும். அப்போது நொதியின் உருவம் யாருக்கும் தெரியாது. நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளைச் செய்து பார்த்து, எது நொதியை நன்றாகத் தடுக்கிறது என்று சோதித்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1999-இல் வைஸ்மன் நிறுவனத்தினர் அந்த மருந்தையும் நொதியையும் சேர்த்துப் படிகமாக்கிப் பார்த்தார்கள். மருந்தின் ஒரு முனை கிணற்றின் அடியில் உள்ள டிரிப்டோஃபேன் மேலும், மறுமுனை வாயருகே உள்ள டிரிப்டோஃபேன் மேலும் படிந்திருந்தது. கிணற்றின் முழு நீளத்துக்கும் அது சரியாகப் பொருந்தியிருந்தது.